பத்தியச் சோறும் ஆறாத புண்ணும்

ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போகும்போது நாம் என்ன வாங்கிக்கொண்டு போவோம்? ஒரு ஆர்லிக்ஸ் பாட்டில், அரை டஜன் ஆப்பிள், ஒரு பாக்கெட் ரொட்டி. போனதும் "டாக்டர் என்ன சொன்னாரு?", "தையல் எப்பப் பிரிப்பாங்க?" என்று கேட்போம். கிளம்பும்போது நம் பங்குக்கு ஒரு அட்வைஸ்: "பார்த்துங்க, முட்டை மீனு எதுவும் குடுத்துராதீங்க. சீழ் வச்சிரும்." சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நாம் மீன் குழம்பு சாப்பிடுவோம். படுத்திருப்பவருக்கு அன்றைக்கு ராத்திரியும் ரசம் சாதம்தான்.

இந்தக் கட்டுரை அந்த ரசம் சாதத்தைப் பற்றியது. படிப்பது சிவில் இன்ஜினியரிங், எழுதுவது புண்ணைப் பற்றியா என்று கிளாஸ் மக்கள் கிண்டல் பண்ணுவீர்கள் என்று தெரியும். ஆனால் 2023 நவம்பரிலிருந்து நாலு மாதம் எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அப்போது கேட்டது, படித்தது, வீட்டில் நடந்த சண்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கொஞ்சம் கதை சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது 76 வயது. ஊர் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். குழாயடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்தாயிற்று. மூன்றாவது வாரம் முதுகுக்குக் கீழே, வால் எலும்புக்கு மேலே, ஒரு சிவப்புத் தடம். பத்து நாளில் அது ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்தது. அப்புறம் குழி விழுந்தது. படுக்கைப் புண். இடுப்பு முறிந்த வயசாளிகள் பல பேரை எலும்பு முறிவை விட இந்தப் புண்தான் படுத்துகிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

கட்டு மாற்ற பக்கத்து டவுனிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா வருவார். இரண்டு வாரம் வந்தும் புண் இருந்த இடத்திலேயே இருந்தது. மோசமாகவும் ஆகவில்லை, ஆறவும் இல்லை. ஒருநாள் கட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்:

"பாட்டி என்ன சாப்பிடுறாங்க?"

எங்கள் அத்தைக்கு (அப்பாவின் அக்கா, அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ளவே ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார்) முகம் மலர்ந்துவிட்டது. "பத்தியம் ஒருநாள் கூடத் தப்பலம்மா. என் கையாலதான் எல்லாம்."

நர்ஸ் அக்கா ஒவ்வொரு வேளையாகக் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "புண்ணு ஆறணும்னா அது எதை வச்சும்மா ஆறும்?"

அந்தக் கேள்வி எனக்குள் மாட்டிக்கொண்டது. கட்டடம் கட்டப் படிக்கிறவனிடம் "எதை வச்சு?" என்று கேட்டால் மெட்டீரியல் லிஸ்ட் எடுக்காமல் எப்படி இருப்பான்?

எங்கள் பக்கம் ஆபரேஷன் ஆனவருக்கு விலக்கு எதெல்லாம் என்று பாருங்கள். முட்டை, மீன், கறி: சீழ் வைக்கும். பருப்பு: அதுவும் சீழ், கூடவே வாயு. கருவாடு, கத்தரிக்காய்: அரிக்கும். தயிர்: குளிர்ச்சி. நிலக்கடலை: பித்தம். எலுமிச்சை, நெல்லிக்காய்: புளிப்பு புண்ணுக்கு ஆகாது. மிச்சம் என்ன இருக்கிறது? இட்லி, இடியாப்பம், ரொட்டி, கஞ்சி, மிளகு ரசம், குழைந்த சோறு. கொஞ்சம் அவரைப் பிஞ்சு. (சித்த வைத்தியத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பத்தியம் உண்டு. நான் சொல்வது அதை இல்லை. யாரும் எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு வீடு கைமாறி வரும் பத்தியத்தை.)

இந்த லிஸ்டை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் பகீர் என்கிறது. எதிலெல்லாம் புரதம் இருக்கிறதோ அதையெல்லாம் தேடிப் பிடித்து நிறுத்தியிருக்கிறோம்!

சரி, புண் எதை வைத்து ஆறுகிறது?

தோல் கிழிந்த உடனே ரத்தம் உறைகிறது. உறைய வைக்கும் ஃபைப்ரின் நூல் ஒரு புரதம். அடுத்த சில நாள் வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் சுத்தம் செய்கின்றன. அந்த அணுக்களைப் புதிதாகச் செய்ய, அவை கிருமியைக் கொல்லும் என்சைம்களைச் செய்ய, எல்லாவற்றுக்கும் புரதம். அதற்குப் பிறகுதான் கட்டுமானமே தொடங்குகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற அணுக்கள் கொலாஜன் என்ற நாரை நெய்து குழியை நிரப்புகின்றன. கொலாஜனும் புரதம்தான். நம் ஊர் வழக்கில் சொன்னால் கம்பி கட்டுகிற வேலை. சோறும் இட்லியும் தருகிற மாவுச்சத்து வேலையாட்களுக்குக் கூலி மாதிரி. கூலி கொடுக்காவிட்டால் வேலை நடக்காது, உண்மை. ஆனால் சைட்டில் கம்பியே இறங்காமல் கூலி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் தூண் எழும்புமா?

இன்னொரு விஷயமும் எங்கள் பாடத்தை ஞாபகப்படுத்தியது. கான்கிரீட்டுக்கு 28 நாள் கணக்கு. 28 நாளில் எதிர்பார்த்த பலம் வந்துவிடும். புண்ணுக்கு அப்படி இல்லை. மூன்று வாரத்தில் வெட்டுப்பட்ட தோலுக்குத் திரும்பி வந்திருக்கும் பலம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். கொலாஜன் கலைந்து, திரும்ப அடுக்கி, முறுக்கேறி வருவது மாதக்கணக்கில் நடக்கிறது. கடைசி வரை போனாலும் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான் வரும். ஆகவே தையல் பிரித்ததோடு சாப்பாட்டுக் கவலை முடிந்தது என்று நினைப்பதும் தப்பு.

வெளியிலிருந்து புரதம் வரவில்லை என்றால் உடம்பு சும்மா இருக்காது. இருக்கிற வீட்டை இடித்து எடுக்கும். அதாவது தசையைக் கரைக்கும். 1930களில் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்பவர் எலும்பு முறிந்து படுத்திருந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜனை அளந்து பார்த்தார். புரதம் கரைந்தால் அதிலிருக்கும் நைட்ரஜன் சிறுநீரில்தான் போய்ச் சேரும். முறிந்த இடம் மட்டும் கரைந்து வந்திருக்க முடியாத அளவுக்கு அது அதிகமாக இருந்தது. அடி பட்டது ஒரு இடத்தில், கரைவதோ உடம்பு பூராவும் இருக்கிற தசை. எங்கள் அப்பத்தாவின் தொடையைப் பார்த்தபோது இதற்குச் சிறுநீர்ச் சோதனையே தேவையில்லை என்று தோன்றியது. தொடை கரைந்தால் எழுந்து நிற்க முடியாது. நிற்க முடியாவிட்டால் படுக்கை. படுக்கை என்றால் அந்த வால் எலும்பு மேலேயே அழுத்தம். அழுத்தம் இருந்தால் புண் பெரிதாகும். பெரிய புண்ணிலிருந்து வடிகிற நீரிலும் புரதம் போகும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

1936இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹிராம் ஸ்டட்லி என்ற சர்ஜன் ஒரு எளிமையான கணக்கு வெளியிட்டார். வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், அதற்கு முன்பே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்தார். அந்த அளவு இழக்காதவர்களில் இறப்பு 3.5 சதவீதம். கத்தி பிடித்த கை எவ்வளவு திறமையாக இருந்தாலும், மேசை மேல் படுத்தவர் எவ்வளவு சாப்பிட்டு வந்தார் என்பது உயிரைத் தீர்மானிக்கிறது.

நான் போட்ட கணக்குக்கு வருகிறேன். அப்பத்தாவின் எடை 42 கிலோ. ஆரோக்கியமாக நடமாடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது 2020இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பரிந்துரை. படுக்கைப் புண் வந்து, சாப்பாடும் குறைந்திருக்கும் பெரியவர்களுக்கு 2019 சர்வதேச வழிகாட்டி நெறி சொல்வது கிலோவுக்கு 1.2லிருந்து 1.5 கிராம். கூடவே கிலோவுக்கு 30லிருந்து 35 கலோரி. கலோரி குறைந்தால் உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும். அப்படிப் பார்த்தால் அப்பத்தாவுக்கு ஒரு நாளைக்கு 50லிருந்து 63 கிராம் புரதம் வேண்டும்.

வந்துகொண்டிருந்தது எவ்வளவு? காலை இரண்டு இட்லி சீனி தொட்டு, 4 கிராம். மதியம் ஒரு கிண்ணம் குழைந்த சோறு, ரசம், 6 கிராம். சாயங்காலம் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும், 6 கிராம். ராத்திரி இடியாப்பம், 4 கிராம். மொத்தம் 20. அதுவும் வைத்ததை எல்லாம் சாப்பிட்டிருந்தால்! தேவையில் பாதி கூட இல்லை. இரண்டு மாடிக் கட்டடத்துக்கு ஒரு வண்டிக் கம்பி இறக்கிவிட்டு, ஏன் மேஸ்திரி தளம் போடலை என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

அத்தையிடம் இந்தத் தாளைக் காட்டினேன். கேட்கவே இல்லை.

அவர் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது. விடியற்காலை நாலரைக்கு எழுந்து மிளகும் சீரகமும் வறுத்து அம்மியில் அரைத்துத்தான் ரசம் வைப்பார். மிக்ஸியில் அரைத்தால் சூடாம். நோயாளி இருக்கிற வீட்டில் மீன் வாடை ஆகாது என்று அவரும் மீனை விட்டுவிட்டார். எங்கள் ஊரில் ஒருவர் மீனை விடுவது என்றால் சாதாரண விஷயமா? பத்தியம் என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. ஆத்தாவுக்காக மகள் செய்கிற தவம். அதைப் போய் "20 கிராம்" என்று சொன்னால் கோபம் வராதா? "நீ காலேஜுல படிச்சதைக் கட்டடத்துல காட்டு மருமகனே, அடுப்படிக்கு வராத" என்றார்.

சீழ் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. சீழ் என்பது கிருமியும், அதோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களும், கரைந்த திசுவும் சேர்ந்த குழம்பு. பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் எல்லாப் புண்ணும் சீழ் வைக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமியை யார் பார்த்தது? முந்தின நாள் சாப்பிட்ட முட்டைதான் கண்ணுக்குத் தெரியும். பழி அதன் மேல் விழுந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு முறை விழுந்த பழி லேசில் போகாது.

வழக்கை முடித்து வைத்தது என் தாள் இல்லை, எங்கள் அம்மா. வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஏன் மதினி, என் பிரசவத்துக்கு நீங்கதான பால் சுறா வாங்கியாந்து புட்டு அவிச்சுக் குடுத்தீங்க? எனக்கும் அப்ப வயித்துல தையல் இருந்துச்சுல்ல? சீழா வச்சிச்சு?" (அந்தத் தையலுக்குக் காரணமானவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான் :-))

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது பிள்ளைக்குப் பால் ஊறணும்னு..." என்று இழுத்தார். "பாலு ஊறுற உடம்புல சதை ஊறாதா மதினி?" என்றார் அம்மா.

எனக்கு இது பெரிய பாடம். நம் சமையலுக்குள்ளேயே பதில் இருந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு, எலும்பு முறிந்தவனுக்கு நாட்டுக்கோழி, இளைத்த பிள்ளைக்கு உளுந்தங்களி. உடம்பைத் திரும்பக் கட்டுகிற நேரத்தில் புரதம் வேண்டும் என்பது நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமே இல்லை. புண் என்று வந்தால் மட்டும் சீழ் பயம் முந்திக்கொள்கிறது.

அத்தை சம்மதித்துவிட்டார். சுபம் போடலாம் என்று பார்த்தால், அப்பத்தா சாப்பிடவில்லை!

முதலில் பல் இல்லை என்றார். அவித்த முட்டையைப் பால் விட்டு மசித்துக் கொடுத்தோம். இரண்டு வாய். மீனை முள் பார்த்து உதிர்த்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தோம். மூன்று வாய். "எனக்கு எதுக்குய்யா முட்டை? பிள்ளைகளுக்குக் குடு" என்றார். இதில் ஒரு வரலாறு இருக்கிறது. அப்பத்தா நாற்பது வருஷம் கோழி வளர்த்தவர். முட்டை கடைக்குப் போகும், நோட்டுப் புத்தகமாகத் திரும்பி வரும். மிச்சம் இருந்தால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும், பிறகு எங்களுக்கு. அவர் முட்டை சாப்பிட்டு நாங்கள் யாருமே பார்த்ததில்லை. பிடிக்காது என்று நினைத்திருந்தோம். அடி சட்டியில் மிஞ்சிய குழம்பில் மீன் இருந்ததா இல்லையா என்று எந்த வீட்டில் யார் பார்த்திருக்கிறார்கள்? 76 வயதில் வழுக்கி விழுந்தபோது உடைந்த அந்த எலும்பும், கரைந்த அந்தத் தசையும் ஒரே நாளில் பலவீனமானவை இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை. ஒருநாள் ராத்திரி நான் பக்கத்தில் படுத்திருந்தபோது சொன்னார். "தின்னா வெளிக்குப் போகணும்யா. போனா உங்க அத்தைக்காரி வந்து தூக்கணும், உங்க ஆத்தா வந்து கழுவணும். எத்தனை நாளைக்கு அவளுக அள்ளுவாளுக?"

மக்களே, இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். படுத்த படுக்கையாக இருக்கிற எத்தனையோ பெரியவர்கள் இப்படித்தான் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள். தண்ணீர் குடிப்பதையும் குறைக்கிறார்கள். பசியில்லை என்று நம்மிடம் சொல்வார்கள். அது பசியில்லாமல் இல்லை, வெட்கம். பாரமாக இருக்கக் கூடாது என்கிற பிடிவாதம். புரதக் கணக்கு, கலோரிக் கணக்கு எந்தப் புத்தகத்தில் போட்டாலும் இது அதில் வராது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தட்டில் எவ்வளவு வைத்தாலும் பாதி திரும்பித்தான் வரும்.

மறுநாள் அத்தையிடம் சொன்னேன். அவர் நேராகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆத்தா, திங்கிறது உன் வேலை. அள்ளுறது என் வேலை. என் வேலையில நீ தலையிடாத" என்றார். அப்பத்தா சிரித்துவிட்டார். அன்றைக்கே அப்பா டவுனுக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுகிற கம்மோடு நாற்காலி ஒன்று வாங்கி வந்தார். மூன்று பேர் தூக்கிய வேலை ஒருவர் பிடித்தால் போதும் என்று ஆனது. புண்ணை ஆற்றியதில் அந்த நாற்காலிக்கும் பங்கு உண்டு என்பேன்.

டாக்டரிடம் கேட்டு, ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, கிட்னி நன்றாக இருக்கிறது என்று உறுதி ஆன பிறகு அத்தை போட்ட மெனு இது. எடைகளை நான் எழுதினேன், கைமணம் அவருடையது:

காலை: இரண்டு இட்லி, கெட்டிப் பருப்புச் சாம்பார், மசித்த முட்டை ஒன்று. 15 கிராம்.
பதினோரு மணி: ஒரு டம்ளர் பால், 200 மி.லி. 6 கிராம்.
மதியம்: குழைந்த சோறு, முள் நீக்கிய மீன் 75 கிராம், ஒரு கிண்ணம் தயிர். 21 கிராம்.
சாயங்காலம்: பாசிப்பயறு வேக வைத்து மசித்து, வெல்லம் போட்டு. 7 கிராம்.
ராத்திரி: இடியாப்பம், முக்கால் டம்ளர் பால். 8 கிராம்.

மொத்தம் 57. செலவு பெரிதாக ஒன்றும் கூடவில்லை. எங்கள் ஊரில் மீன் மலிவு. மீன் இல்லாத நாளில் இன்னொரு முட்டையும் கூடுதல் பருப்பும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பருப்பு, பயறு, கடலை, பால், தயிர், பனீர் எல்லாம் உண்டு. சோயா உருண்டையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். அரிசியும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றில் குறைகிற அமினோ அமிலத்தை மற்றொன்று ஈடு செய்துவிடும். பொங்கல், பருப்புச் சாதம் எல்லாம் சும்மா வந்ததில்லை.

எலுமிச்சையும் நெல்லிக்காயும் உள்ளே வந்தன. கொலாஜன் நார் முறுக்கேற வைட்டமின் சி வேண்டும். இதற்கு ஒரு அசாத்தியமான கதை இருக்கிறது. 1939-40இல் பாஸ்டனில் ஜான் கிராண்டன் என்ற இளம் சர்ஜன் வைட்டமின் சி துளியும் இல்லாத சாப்பாட்டை மாதக்கணக்கில் தானே சாப்பிட்டார். மூன்றாவது மாதம் முதுகில் ஒரு வெட்டு போட்டுப் பார்த்தார்கள், ஆறிவிட்டது. ஆறாவது மாதம் போட்ட வெட்டு ஆறவில்லை. வைட்டமின் சி ஏற்றியதும் ஆறியது. கம்பி இருந்தாலும் கட்டுக்கம்பி இல்லாவிட்டால் நிற்காது என்பதை உடம்பாலேயே நிரூபித்த மனிதர்!

இனி நேர்மையாகச் சொல்ல வேண்டியவை சில.

முட்டை மட்டும் புண்ணை ஆற்றவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தோம், ராத்திரியிலும் முறை வைத்துக்கொண்டு. காற்று மெத்தை வாங்கினோம். நர்ஸ் அக்கா செத்த சதையை நீக்கிக் கட்டினார். அழுத்தம் நீங்காத இடத்தில் எத்தனை கிலோ மீன் தின்றாலும் புண் ஆறாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வராமலும் ஆறாது. புரதம் மருந்து இல்லை, மெட்டீரியல். மெட்டீரியல் மட்டும் வீடு கட்டாது. மெட்டீரியல் இல்லாமலும் வீடு வராது.

நிறையக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்பதும் இல்லை. 2023இல் லான்செட் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிலோவுக்கு 2.2 கிராமுக்கு மேல் புரதம் தர முயன்று பார்த்தார்கள். அவர்கள் மற்றவர்களை விட சீக்கிரம் வீடு திரும்பவில்லை. சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கெடுதலாகவும் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. அது வேறு வகை நோயாளிகள்தான். ஆனாலும் டப்பா டப்பாவாகப் பவுடர் வாங்கிக் கரைக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

ஆட்டுக்கால் சூப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. எலும்புக்கு எலும்பு என்று நம்பிக் குடிக்கிறோம். சூடாக இருக்கும், பசியைத் தூண்டும், குடிக்கட்டும். ஆனால் தெளிவான சூப்பில் புரதம் கொஞ்சம்தான். அதில் இறங்குகிற ஜெலட்டினில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. கோழிச் சூப்பைத் தெளித்து நோயாளிக்குக் கொடுத்துவிட்டு, அடியில் கிடக்கும் கறியைக் கூட இருப்பவர் சாப்பிடுவதை ஆஸ்பத்திரி வார்டில் நிறையப் பார்த்தேன். நம்ம கணக்கில் மருந்து மேலே தெளிவாக நிற்கிறது. புரதம் கீழே கிடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அவித்த முட்டைக்கும் பல கட்டிலில் இதே கதிதான்.

எங்கள் புண் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். புது மெனு தொடங்கி மூன்றாவது வாரம், கட்டைப் பிரித்த நர்ஸ் அக்கா எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளிறிக் கிடந்த குழியின் அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாக, மாதுளை முத்து மாதிரி புதுச் சதை. "இதுதான் வேணும்" என்றார். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் உள்ளே போய்விட்டார். மார்ச் மாதம் புண் மூடியது. அப்பத்தா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணை வரை வருகிறார், வந்து எல்லாரையும் அதட்டுகிறார். அத்தையும் அப்போதிலிருந்து மீன் சாப்பிடுகிறார்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஆபரேஷன் ஆனவரோ, தீக்காயம் பட்டவரோ, படுக்கையில் இருப்பவரோ இருந்தால் மூன்று விஷயம் செய்யுங்கள். ஒன்று, நேற்று அவர் சாப்பிட்டதை (வைத்ததை இல்லை) ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு, அந்தத் தாளை டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ காட்டி, இவர் எடைக்கு எவ்வளவு புரதம் வேண்டும், எதை விலக்க வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் நெரிசலில் அவர்களும் சொல்ல மறந்துவிடக்கூடும். மூன்று, சாப்பிடாவிட்டால் ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பல்லா, ருசியா, மலச்சிக்கலா, கூச்சமா என்று தெரிந்தால் பாதிக் கதவு திறந்துவிடும்.

பத்தியம் போடுகிற கையைத் திட்டாதீர்கள். நாலரை மணிக்கு எழுந்து அம்மி அரைக்கிற அந்தக் கையில்தான் பருப்பையும் மீனையும் கொடுக்க வேண்டும். உங்களைப் போலவும் என்னைப் போலவும் தாளில் கணக்குப் போடுகிறவர்கள் மூன்று வேளையும் ஊட்டிவிடப் போவதில்லை.

பி.கு: சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டயாலிசிஸ் இல்லாமல் மருந்தில் இருப்பவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் செய்பவர்களுக்குக் கூட்டச் சொல்வார்கள். புண் இருந்தால் அதற்கேற்ப மாற்றுவார்கள். ஈரல் நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். கட்டடத்துக்கு வேண்டுமானால் என்னைக் கேளுங்கள் :-)